எல்லாருக்கும் போன முகூர்த்தப் பட்டு

பயிற்சி வகுப்பில் உங்களுக்கு ஒரு கதை சொல்லியிருப்பார்கள். திருநெல்வேலி டவுணில் ஒரு துணிக்கடையாம். தானாக மெசேஜ் அனுப்பும் சிஸ்டத்தை ஒரு வயசான அம்மாளிடம் கொடுத்திருந்தார்களாம். அவள் ஒருநாள் கைதவறி, “உங்கள் வீட்டு மணமகளுக்காக இந்தப் பட்டு காத்திருக்கிறது” என்று கடையின் வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் தட்டிவிட்டாளாம். பெண்பிள்ளையே இல்லாத வீட்டுக்கும், எல்லாப் பெண்ணையும் கட்டிக்கொடுத்து ஓய்ந்துபோன வீட்டுக்கும் அது போய்ச் சேர்ந்ததாம். முகூர்த்த சீசன் நடுவில் கடை நம்பரே முடங்கிப்போனதாம். நன்றாகச் சிரித்திருப்பீர்கள்.

அந்த அம்மாள் நான்தான். கை ஒன்றும் தவறவில்லை.

உங்கள் மேலாளர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ட்ரிகர் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை, உங்கள் அனுபவத்தை நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்றார். எனக்கு முட்டி வலி. மத்தியானம் ஆனால் கண் எரிகிறது. இந்தத் தொழிலைப் பற்றிப் பேசவே அலுப்பாக இருக்கிறது. மாட்டேன் என்றுதான் சொன்னேன். போகும்போது வாசலில் நின்று, “அந்த டவுண் கடைக் கதைய வகுப்புல சொன்னா பசங்க அப்படிச் சிரிக்காங்க, உங்களுக்கு அந்தக் கடை தெரியுமா?” என்று கேட்டார். அதற்காகத்தான் எழுதுகிறேன். ஊர், வேலை, சேலையின் நிறம் எல்லாம் மாற்றியிருக்கிறேன். தேடாதீர்கள்.

எது நடந்தால் எந்த மெசேஜ் தானாகக் கிளம்ப வேண்டும் என்று முடிவு செய்வதைத்தானே நீங்கள் ட்ரிகர் என்கிறீர்கள். எங்கள் கடைக்கு அந்த சிஸ்டத்தை விற்க வந்தவர் சென்னைக்காரர். நல்ல மனுஷன், சுறுசுறுப்பு. முதலில் அவர் வைத்தது பிறந்தநாள் ட்ரிகர். வைத்தாயிற்று. மே, ஜூன் வந்ததும் பாதி ஜில்லாவுக்கு வாழ்த்து போகிறது, மற்ற மாதமெல்லாம் ஈ ஓட்டுகிறது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் கணக்குப் பார்த்து எழுதிவிட்ட பிறந்தநாள்தான் இங்கே பாதிப் பேருக்கு ஆயுசுக்கும் பிறந்தநாள் என்று நான் சொன்னேன். சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டார்.

அடுத்து, புதுச் சேலையும் வேட்டிகளும் சேர்த்து வாங்கினால் வீட்டில் விசேஷம் என்று வைத்துக்கொண்டு வாழ்த்து அனுப்பச் சொன்னார். துக்க வீட்டுக்கு எடுக்கும் கோடித் துணியும் அதே பில்லில்தான் வரும் என்று நாங்கள் சொல்வதற்குள் ஒரு வீட்டுக்குப் போய்விட்டது. அவர்கள் வந்து திட்டியதை இங்கே எழுத முடியாது. அதையும் எடுத்தாயிற்று. இதெல்லாம் சின்ன விஷயம். இந்த மாதிரித் தப்புகள் உடனே கத்திவிடும், திருத்திவிடலாம்.

மூன்றாவதுதான் நன்றாக வேலை செய்தது. பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்கள். பட்டு செக்ஷனில் ஒருவர் சேலை பார்த்து, எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனால், அந்தச் சேலையின் படத்தோடு அவருக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு மெசேஜ் போகும். போன நாலு பேரில் ஒருத்தராவது திரும்பி வருவார்கள். முதலாளிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். எனக்குமே பெருமையாகத்தான் இருந்தது.

இதோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் கடையில் வீட்டுக்கு ஒரு கார்டு. வீட்டில் யார் துணி எடுத்தாலும் பாயின்ட் ஒரே கணக்கில் ஏறும், தீபாவளிக்குக் கழித்துக்கொள்ளலாம். அதனால் கல்லாவில் நம்பர் கேட்டால் பெண்கள் வீட்டுக்காரர் நம்பரைச் சொல்வார்கள், பிள்ளைகள் அப்பா நம்பரைச் சொல்வார்கள். சிஸ்டம் வந்தபோது அந்தக் கார்டுகளை அப்படியே ஏற்றிவிட்டோம். குடும்பத் தலைவர் ஒருவர், அவருக்குக் கீழே மற்ற நம்பர்கள். கீழே உள்ள எந்த நம்பரைத் தட்டினாலும் மெசேஜ் மேலே உள்ளவருக்குப் போகும். அது வசதி என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

ஒரு ஆவணி மாதம், காலை நேரம். கடை நம்பருக்கு ஒரு போன் வந்தது. நான்தான் எடுத்தேன். சின்னப் பெண் குரல்.

“நேத்து சாயங்காலம் வந்து ஒரு முகூர்த்தப் பட்டு எடுத்து வைக்கச் சொன்னேன். அரக்குக் கலர்.”

“ஆமாம்மா, எடுத்து வச்சிருக்கு. எப்ப வாரிய?”

“எக்கா, நான் என் நம்பரத்தான குடுத்தேன்? அது எங்க அப்பா போனுக்கு எப்படிப் போச்சு?”

அவள் அழவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

“எங்க அம்மை போன் பண்ணா. அப்பாவும் அண்ணனும் பைக்க எடுத்துட்டுக் கெளம்பிட்டாவளாம். கடைக்குத்தான் வாராவ. நம்ம வீட்டுல இருந்து யாரு போயி கல்யாணச் சேலை பாத்ததுன்னு கேக்க வாராவ. நான் வரலன்னு சொல்லிருங்க எக்கா.”

“பையன் வேற சாதியா?”

“ஆமா. அவன் யாருன்னு தெரிஞ்சா உசுரோட விடமாட்டாவ எக்கா. என்னையுந்தான்.”

எங்கள் பக்கத்தில் இதைச் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லமாட்டார்கள். உங்களுக்கும் தெரியும், நீங்களும் பேப்பர் படிக்கிறவர்கள்தானே.

“இப்ப எங்க இருக்க?”

“வேலை பாக்குற எடத்துல.”

“அங்கனயே இரு. யாரு கேட்டாலும் ஒனக்கு ஒண்ணும் தெரியாது. கடைக்கே வரல, சேலையே பாக்கல. போன வச்சிரு.”

வைத்துவிட்டாள். கார்டில் பார்த்தேன், அவள் ஊர் ஆற்றங்கரையில், டவுண் பஸ் போகிற ஊர். பைக்கில் வந்தால் அரை மணி நேரம் ஆகும், நெரிசல் இருந்தால் கொஞ்சம் கூட. அதற்குள் நான் யோசித்தாக வேண்டும்.

முதலில் எல்லாருக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது. தப்பாக வந்துவிட்டது அண்ணாச்சி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஏற்கெனவே சந்தேகத்தோடு வருகிற அப்பனிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். அப்போ யாருக்கு வரவேண்டியது, அவர் நம்பரைக் காட்டு என்பார். எத்தனையோ ஆயிரம் பேர் இருக்கும்போது பொம்பளைப்பிள்ளை இருக்கும் என் வீட்டுக்கு மட்டும் எப்படித் தப்பாக வரும் என்பார். அவர் கேட்பது நியாயமும்கூட. அவர் ஒருத்தருக்கு மட்டும் வந்திருக்கிறது என்கிற வரைக்கும் அதை எந்தப் பொய்யாலும் மூட முடியாது.

அவருக்கு மட்டும் என்பதை எப்படி இல்லாமல் ஆக்குவது? அது எனக்கு உதித்ததும் எழுந்துவிட்டேன்.

முதலாளி அன்றைக்குக் கொள்முதலுக்கு வெளியூர் போயிருந்தார். சின்ன முதலாளி மாடியில் இருந்தார். போய்க் கேட்டால் காரணம் கேட்பார். காரணம் சொன்னால் கட்டாயம் உதவுவார், தங்கமான பிள்ளை. சாயங்காலம் அவர் சிநேகிதர்களிடமும் சொல்வார். நான் மாடிக்குப் போகவில்லை.

எது யாருக்குப் போக வேண்டும் என்று சொல்வது நான், சிஸ்டத்தில் தட்டுவது இசக்கி. முப்பது வயசு இருக்கும், இந்த வேலையில் கெட்டிக்காரி.

“ஏட்டி இசக்கி, காலையில போன அந்த அரக்குப் பட்டு மெசேஜ எல்லாருக்கும் போடு.”

“நேத்து பாத்துட்டுப் போன எல்லாருக்குமா?”

“நம்மகிட்ட நம்பர் இருக்குற எல்லாருக்கும்.”

திரும்பிப் பார்த்தாள். “எக்கா, கிறுக்கு புடிச்சிருக்கா ஒங்களுக்கு? பாதிப் பேரு தொல்லைன்னு அமுக்குவாவ. மெசேஜ் கம்பெனிக்காரனுவ நம்பரையே முடக்கிருவானுவ. சீசன் நேரம். முதலாளி நம்ம ரெண்டு பேரையும் வெட்டிப் போட்டுருவாவ.”

“தெரியும். போடு.”

“என்னன்னு கேக்கலாமா?”

“கேக்காத.”

நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினாள். “அமுக்கப் போறது யாரு?”

“நான். நீ எந்திரி. சாப்பிடப் போயிருந்தேன்னு சொல்லிரு.”

எழுந்தாள், ஆனால் போகவில்லை. பின்னால் நின்று எங்கே அமுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். நிச்சயமாக அனுப்பவா என்று அந்தச் சவம் பிடித்த சிஸ்டம் கேட்டது. ஆமாம். இது திரும்பப் பெற முடியாதது, அனுப்பவா என்று மறுபடி கேட்டது. எத்தனையோ வருஷமாக, தேவைப்பட்டவருக்கு மட்டும், தேவையான நேரத்தில் மட்டும் என்று நானே தலைகீழாக நின்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒரு விரலால் அழித்தேன்.

அப்புறம் பட்டு செக்ஷனுக்கு ஓடினேன். அந்தச் சேலையை நேற்று எடுத்துக் காட்டியது பகவதி. வெள்ளை மனசு, ஆனால் வாயைத் திறந்தால் மூடமாட்டாள். “எம்மா, வர்றவங்களுக்குக் குடுக்கணும், ரதவீதிக்கு அந்தப் பக்கம் போயி அல்வா வாங்கிட்டு வா, சூடா இருக்கட்டும், நின்னு வாங்கிட்டு வா” என்று காசைக் கொடுத்து விரட்டினேன். எடுத்து வைத்திருந்த அரக்குப் பட்டைப் பிரித்து வாசல் பொம்மைக்குக் கட்டச் சொன்னேன். மடிப்பு வைக்க நேரமில்லை, பொம்மைக்குச் சேலை சுற்றிவிட்டது மாதிரிதான் இருந்தது.

போன் அடிக்க ஆரம்பித்தது. ஒன்றை வைத்தால் அடுத்தது. கடைக்குள் இருந்தவர்களின் போன்களும் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டன. வேட்டி எடுக்க வந்திருந்த ஆழ்வார்குறிச்சி வாத்தியார் ஒருவர், ரிட்டையர் ஆகிப் பல காலம் ஆனவர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்துவிட்டு என்னிடம் வந்தார்.

“ஏம்மா, எங்க வீட்டுல நானும் அவளும்தான் இருக்கோம். எந்த மணமகளுக்கும்மா இது? எனக்கு ரெண்டாம் கல்யாணம் பண்ணி வைக்கப் போறியளா?”

கடையே சிரித்தது. சீவலப்பேரியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. “எங்களுக்கு வந்தத யாரோ சொல்லி, மூத்தவ மாமியாரு இப்பம் போன் போடுதா. எளையவளுக்கு முடிச்சிட்டியளா, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியேன்னு சண்டைக்கு வாரா. அவளுக்கும் வந்திருக்குன்னு இன்னும் பாக்கல போல” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் அவர்கள் உள்ளே வந்தார்கள். அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை, கையில் போன். பின்னால் மகன். சத்தம் போட்டுக்கொண்டு வருகிற ஆளாக இருந்தால் எனக்குப் பயமில்லை, கடையில் தினம் பார்க்கிறதுதான். இவர் பைய நடந்து வந்தார். பையப் பேசினார்.

“தாயி, இந்தச் சேலைய எங்க வீட்டுல இருந்து யாரு வந்து பாத்தது?”

“ஒங்களுக்குமா வந்துட்டு அண்ணாச்சி?” என்று நான் கையைத் தலையில் வைத்துக்கொண்டேன். “எல்லாருக்கும் போயிட்டு. பதில் சொல்லி முடியல.”

“எல்லாருக்கும்னா?”

நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாத்தியார் தன் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். “இந்தா பாரும் வே. எனக்குந்தான் பொண்ணு பாத்திருக்காவ.” சீவலப்பேரி அம்மாளும் காட்டினாள். பக்கத்தில் நின்ற இன்னும் ரெண்டு மூணு பேர் காட்டினார்கள். அதே படம், அதே வாசகம், அதே அரக்குப் பட்டு.

அப்பாவின் தோள் இறங்கியது. மகனுக்கு இறங்கவில்லை. வாத்தியார் போனை வாங்கிப் பார்த்தான், அப்பா போனைப் பார்த்தான்.

“எங்க அப்பாக்கு பத்து மணிக்கு வந்திருக்கு. இவருக்கு இப்பந்தான வந்திருக்கு?”

இதை நான் யோசிக்கவே இல்லை.

“இத்தனை ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்துல போவுமா எய்யா? வரிசையாத்தான் போவும். ஒங்களுக்கு முன்னாடி வந்திருக்கு, இவுகளுக்குப் பின்னாடி. இன்னும் போயிக்கிட்டுதான் கெடக்கு, நிறுத்த முடியல” என்றேன். அந்த நேரம் பார்த்து இன்னொருவர் போன் சத்தம் போட்டது. அது எந்தச் சாமி செய்ததோ, எனக்குத் தெரியாது.

“இந்தச் சேலை எங்க இருக்கு?”

“வாசல்ல பொம்மைக்குக் கட்டியிருக்கே, பாக்கலியா? அதத்தான் போட்டோ எடுத்துப் போட்டாவ.”

திரும்பிப் பார்த்தான். அப்புறம் மேலே பார்த்தான், கேமரா எங்கே என்று. நான் அவன் பார்வையைப் பார்க்காத மாதிரி நின்றேன். பகவதி அல்வாவோடு படி ஏறி வந்துகொண்டிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பொட்டலத்தைப் பிடுங்கி அண்ணாச்சி கையில் கொடுத்து, “வீட்டுக்குக் கொண்டு போங்க, எங்களால ஒங்களுக்கு அலைச்சல்” என்றேன். அன்றைக்கு நான் அவருக்குக் கொடுத்தது என்ன அல்வா என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

“வாலே, போவோம். கூட்டத்துல நின்னுக்கிட்டு” என்றார் மகனிடம். வாசலில் நின்று வீட்டுக்குப் போன் பண்ணினார். நான் கேட்கும் தூரத்தில்தான் நின்றேன். “ஒண்ணுமில்லட்டி. ஊரு பூராவும் வந்திருக்கு. அந்தப் பிள்ளய ஒண்ணும் சொல்லாத. சாப்பிட்டாளான்னு போன் பண்ணிக் கேளு.” அந்தக் குரலில் அவ்வளவு நிம்மதி, அவ்வளவு பாசம். அதைக் கேட்டுத்தான் எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு பாசம் உள்ளவரை நினைத்துத்தானே அவள் அவ்வளவு பயந்தாள்.

மத்ததெல்லாம் நீங்கள் கேட்ட கதைதான். நம்பர் முடங்கியது. சீசன் பூராவும் முடங்கியே கிடந்தது. அந்த அரக்குப் பட்டுக்கு மட்டும் அன்றைக்கே அடிதடி, பொம்மையிலிருந்து அவிழ்த்து விற்றார்கள். முதலாளி ஊரிலிருந்து வந்து என்னைக் கூப்பிட்டார்.

“எத்தனை வருஷமா இருக்க நீ? என்னம்மா நடந்துச்சு? சொல்லு.”

“கை பட்டுட்டு அண்ணாச்சி.”

“ரெண்டு தடவ கேக்குமாமே, அனுப்பவா அனுப்பவான்னு. ரெண்டு தடவையுமா கை பட்டுச்சு?”

“ஆமா அண்ணாச்சி” என்றேன். அவருக்கு ஒருவேளை ஏதோ இருக்கிறது என்று புரிந்திருக்கலாம், கேட்கவில்லை. வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. கீழ்த்தளத்தில் ரவிக்கைத் துணி கிழித்துக் கொடுக்கும் இடத்தில் போட்டார். சின்ன முதலாளி அதற்கப்புறம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. “பட்டன் அக்கா” என்று பெயர் வைத்தார்கள், என் காதுபடவே சொன்னார்கள். வலித்தது. இப்போதும் வலிக்கத்தான் செய்கிறது, இல்லையென்றால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

அந்தப் பெண் அதன்பின் போன் பண்ணவில்லை. நானும் பண்ணக்கூடாது. தினம் காலையில் பேப்பர் வந்ததும் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு நம் ஜில்லாப் பக்கத்தைத் திருப்புவேன். பயந்துகொண்டே வாசிப்பேன். அவளைப் பற்றிய சேதி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் காப்பி இறங்கும். பல மாதம் அப்படித்தான் போனது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் மேலாளர் கேட்டது இதைத்தான். ஒருவர் என்ன செய்தால் மெசேஜ் போக வேண்டும் என்றுதான் நீங்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசுகிறீர்கள். பார்த்தாரா, தொட்டாரா, விட்டுவிட்டுப் போனாரா. அந்தப் போன் யார் கையில் இருக்கிறது என்று ஒருவராவது கேட்கிறீர்களா? அவர் செய்ததை அந்த வீட்டில் இன்னொருவருக்குச் சொல்ல நமக்கு யார் உரிமை கொடுத்தது? கல்யாணம், கர்ப்பம், வைத்தியம், வீடு மாறுவது, இதிலெல்லாம் ஒரு மனுஷி யாருக்கும் சொல்லாமல் வந்து பார்த்துவிட்டுப் போவாள். அவளாக நம்மைக் கூப்பிடுகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருங்கள். விற்பனை குறையும். குறையட்டும், அதற்காக யாரும் சாகப் போவதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் இருந்தது. சின்ன முதலாளி புது நம்பர் வாங்கி சிஸ்டத்தை மறுபடி ஓடவிட்டிருந்தார். குடும்பக் கார்டும் அப்படியே இருந்தது. நான் சொன்னால் யார் கேட்பார்கள், பட்டன் அக்கா சொன்னால்? ஒருநாள் மத்தியானம் நான் ரவிக்கைத் துணி கிழித்துக்கொண்டு நின்றபோது இசக்கி படி இறங்கி வந்தாள். அவள் அப்படி வேகமாக இறங்கி நான் பார்த்ததில்லை.

“எக்கா, மேல வாங்க. ஒரு ஆன்லைன் ஆர்டர்.”

“எனக்கென்னட்டி ஆர்டர்?”

“வாங்கன்னா.”

வெளி மாநிலத்து முகவரி. தொட்டில் கட்ட ஒரு நூல் சேலை, மெத்தென்ற நூலில் சின்னச் சின்னச் சட்டைகள். குறிப்பு எழுதும் இடத்தில் ஒரு வரி இருந்தது: கடைப் போன்ல பேசுன அக்கா இருந்தா அவங்களே பாத்து எடுத்து அனுப்பணும்.

இசக்கியும் அதை வாசித்திருந்தாள். அன்றைக்கு எதற்காக அமுக்கினேன் என்பது அவளுக்கு இப்போது புரிந்துவிட்டது, அது முகத்தில் தெரிந்தது. திரையைத் தொட்டுக் காட்டினாள்.

“பேரும் பொறந்தநாளும் அன்னைக்குக் காலையில மொதல்ல அரக்குப் பட்டு மெசேஜ் போன பழைய கார்டோட ஒத்துப் போவுதாம். அதே ஆளுதானான்னு கேக்குது. ஆமான்னா அந்த வீட்டுக் கணக்குல சேத்துரும். பிள்ளை பொறந்ததுக்கு வாழ்த்தும், பார்சல் எங்க போவுதுன்னு விலாசமும் அவுக அப்பா போனுக்குப் போயிரும். என்ன போட?”

கையிலிருந்த ரவிக்கைத் துணியை மேஜையில் வைத்தேன்.

“வேற ஆளுன்னு போடு.”

நிச்சயமாகவா என்று அது மறுபடி கேட்டது. இசக்கி எழுந்து நாற்காலியை எனக்கு விட்டுக் கொடுத்தாள். நானே அமுக்கினேன்.